பறித்த பறையும் திணித்த பறையும்

1739-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவிலே, ஸ்டோனோ ஆற்றங்கரையிலே, அடிமைகள் சிலர் திரண்டனர். கொடி பிடித்தனர், முரசு கொட்டினர், விடுதலை தேடித் தெற்கு நோக்கி நடந்தனர். முரசொலி கேட்டுத் தோட்டங்களிலிருந்து மேலும் பலர் ஓடிவந்து சேர்ந்தனர். துப்பாக்கிகள் முழங்கின, கிளர்ச்சி அடக்கப்பட்டது, ஆனால் தோட்ட முதலாளிகளின் நெஞ்சிலே குடிகொண்ட அச்சம் அடங்கவில்லை. அடுத்த ஆண்டே, 1740-இல், சட்டம் தீட்டினர்: அடிமை முரசு கொட்டுதல் ஆகாது, கொம்பு ஊதுதல் ஆகாது! தோலும் மரமும் கொண்ட ஒரு கருவியைக் கண்டு துப்பாக்கிக்காரன் நடுங்கினான் என்றால், அந்தக் கருவியின் ஆற்றலுக்கு வேறு சான்றிதழ் எதற்கு?

கம்பம் பள்ளத்தாக்கிலே கதை வேறு. இங்கே பறையை எவரும் பறிக்கவில்லை, திணித்தனர்! சாவு வீட்டு வாசலிலே நின்று அடி என்றனர். சாமி புறப்பட்டால் எட்ட நின்று அடி என்றனர். ஊர்ச் செய்தியை உரைக்கத் தெருத்தெருவாய் அடி, ஆனால் எங்கள் தெருவிலே செருப்போடு நடவாதே என்றனர். அங்கே முரசைக் கையில் எடுத்தவன் குற்றவாளி. இங்கே பறையைக் கீழே வைத்தவன் குற்றவாளி. வெள்ளை முதலாளி எழுதி வைத்த சட்டத்தை, வெள்ளையனே ஒருநாள் அழித்தெழுத வேண்டி வந்தது. எழுதாமலே நடந்த நம் ஊர்ச் சட்டத்தை எந்தச் சட்டமன்றத்திலே போய் அழிப்பது?

ஆப்பிரிக்க இசை அமெரிக்காவின் பாட்டையும் ஆட்டத்தையும் எவ்வாறு உருவாக்கிற்று என்பதை விளக்கும் நூல்கள் இன்று மலைபோல் உள்ளன. அவற்றைப் படித்து வியக்கும் தமிழ் இளைஞன், அந்த ஒளியைத் தன் ஊர்ப்பக்கம் திருப்பிப் பார்ப்பதில்லை. திருப்பிப் பார்த்தால் தேனியும் பண்ணைப்புரமும் தெரியும். கண்கூசும் காட்சி சிலவும் தெரியும்.

பறிபோன முரசு அமெரிக்காவிலே எங்கே போயிற்று? உள்ளங்கைக்குள் புகுந்தது! தொடையிலும் மார்பிலும் தட்டித் தாளம் எழுப்பினர் அடிமைகள். ‘ஜூபா’ என்று அதற்குப் பெயர். வட்டமிட்டு நின்று, பாதத்தால் தரையைத் தேய்த்து, கைகொட்டிப் பாடி ஆடினர். அது ‘ரிங் ஷவுட்’. கால்களே கோல்களாயின, தரையே தோலாயிற்று. அயர்லாந்து ஏழைகள் கொண்டுவந்த காலடி ஆட்டத்தோடு அது கலந்தபோது ‘டாப்’ நடனம் பிறந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலே சுரைக்குடுக்கையில் தோல் போர்த்துத் தந்தி கட்டிய கருவிகளின் நினைவிலிருந்து ‘பாஞ்சோ’ பிறந்தது. நியூ ஆர்லியன்சு நகரத்துக் காங்கோ சதுக்கத்திலே மட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில், முரசு முழங்க விட்டனர். அந்த நகரத்திலேதான் பிற்காலத்தில் ஜாஸ் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1871-இல் பிஸ்க் பல்கலைக்கழகத்து மாணவர் குழுவொன்று, கல்விக்கூடத்தின் கடன் தீர்க்க ஊர் ஊராகச் சென்று அடிமைகளின் துயரப் பாடல்களைப் பாடிற்று. வெள்ளை அவையினர் கண்ணீர் சொரிந்தனர்.

கண்ணீர் சொரிந்தவர்கள் காசு யாருக்குக் கொடுத்தனர்? அங்கேதான் இருக்கிறது செய்தி. ஜாஸ் இசைக்கென வெளிவந்த முதல் இசைத்தட்டு 1917-இல் வந்தது. அதிலே வாசித்தவர்கள் வெள்ளையர் ஐவர்! ஹார்லெமின் ‘காட்டன் கிளப்’பிலே மேடையிலே கறுப்பினக் கலைஞர், மேசையிலே வெள்ளைச் சீமான்கள், கறுப்பின மனிதன் ஆடலாம், அமரலாகாது! கோயிலுக்கு வெளியே நின்று கொட்டிய நம்மவருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

இன்னொரு வேடிக்கை. ‘கேக்வாக்’ என்றோர் ஆட்டம். எசமானனும் எசமானியும் மிடுக்காக நடப்பதைக் கேலி செய்து அடிமைகள் ஆடியது அது என்று வழிவழியாகச் சொல்வர். கேலி தன்னைப் பற்றியது என்பதறியாமல் எசமானன் கைதட்டினான். பிறகு முகத்திலே கரி பூசிய வெள்ளை நடிகர்கள், ‘கறுப்பன் ஆட்டம் பாரீர்’ என்று அதையே மேடையிலே ஆடிக் காட்டிப் பணம் குவித்தனர். தன்னைக் கேலி செய்தவனைக் கேலி செய்வதாக எண்ணித் தன்னையே கேலி செய்துகொண்ட அறிவாளிகள்! பணம் குவிந்ததென்னவோ உண்மை.

ஆப்பிரிக்க மண்ணிலிருந்து அமெரிக்கா சென்ற ஒரே ஒரு பாட்டின் கணக்கைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் சூலு இனத்துப் பாடகர் சாலமன் லிண்டா 1939-இல் ஜோகனஸ்பர்க்கில் ‘முபூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். உரிமையை விற்ற விலை பத்துச் சில்லிங்கு. அதே மெட்டு 1961-இல் அமெரிக்காவில் வேறு பெயர் பூண்டு, உலகெங்கும் ஒலித்தது. பின்னர் டிஸ்னி நிறுவனத்தின் ‘லயன் கிங்’ படத்திலும் புகுந்தது. லிண்டா 1962-இல் வறுமையிலே இறந்தார். அவருடைய பெண்மக்கள் தொடுத்த வழக்கு 2006-இல் உடன்பாட்டிலே முடிந்து, அவர்கள் கைக்கு உரிய பங்கு வர வழிபிறந்தது. இதனையெல்லாம் ஆய்வாளர் ஒரே சொல்லிலே முடித்துவிடுகின்றனர்: ‘செல்வாக்கு’! ஆப்பிரிக்க இசையின் செல்வாக்காம். செல்வமும் வாக்கும் எவரிடம் சென்றன என்பதை மறைக்க இதைவிட நல்ல சொல் அகராதியிலே இல்லை.

இனிப் பள்ளத்தாக்குக்கு வருவோம். மேற்கே மலை, நடுவே முல்லைப் பெரியாறு. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பிற்று; கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்கள் இருபோகம் கண்டன. நெல் விளைந்த இடத்திலே நடவுப் பாட்டும் விளைந்தது. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மலையேறிய கூலிகளோடு தெம்மாங்கும் மலையேறிற்று. வீரபாண்டித் திருவிழாவிலே ஆற்றங்கரை நெடுகப் பறையும் உறுமியும் தவிலும் அதிரும். அம்மன் அருளால் அதிர்கிறது என்பான் பக்தன். அருளை அளக்க நம்மிடம் கருவி இல்லை. அடிக்கும் கையிலே காய்ப்பேறியிருப்பதைக் கண்ணால் காண முடிகிறது.

பறையைச் செய்வது எளிதென்று எண்ண வேண்டா. மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி வட்டமாகப் பொருத்த வேண்டும். கன்றுத் தோலைப் பதப்படுத்தி, இழுத்து, புளியங்கொட்டைப் பசையிட்டு ஒட்ட வேண்டும். அடிக்குமுன் வைக்கோலைக் கொளுத்தித் தீயிலே காட்டுவர். ஈரம் போய்த் தோல் இறுகும், ஒலி நிமிரும். இடக்கையிலே மெலிந்து நீண்ட சுண்டுகுச்சி, வலக்கையிலே தடித்துக் குறுகிய அடிகுச்சி. தோளிலே தொங்குவதால் அடிப்பவன் நடக்கலாம், குனியலாம், சுழலலாம், இசைப்பவனே ஆடுகிறவன். இசை வேறு, நடனம் வேறு என்று பிரித்து வைத்த அவைகளுக்கு இது விளங்காது. ஆப்பிரிக்கக் கலையை ஆய்ந்தோர் அனைவரும் முதலில் சுட்டும் இயல்பும் இதுவே: கொட்டும் ஆட்டமும் ஒன்று, ஆடுவோரும் காண்போரும் ஒரே வட்டம்.

இந்தக் கருவி தாழ்ந்த கருவி என்று எவன் சொன்னான்? தொல்காப்பியர் சொல்லவில்லை. நிலத்துக்கு நிலம் உணவும் மரமும் தொழிலும் வகுத்தவர், நிலத்துக்கு நிலம் பறையும் வகுத்தார்; கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார். புறநானூற்றுப் புலவர் ஒருவர், குடிகளிலே சிறந்த நான்கைக் கூறுகையில் பறை முழக்குவோரின் குடியையும் அவற்றுள் வைத்தார். கருப்பொருளாய் இருந்தது கறைப்பொருளாய் ஆனது எப்போது? செத்த மாட்டின் தோல் தீட்டு என்று ஒரு கூட்டம் விதித்த பிறகு! அந்தத் தீட்டும் ஆளுக்கு ஆள் மாறுகின்ற தீட்டு. மிருதங்கத்திலே இருப்பதும் தோல்தான். மாட்டுத்தோலும் அதிலே உண்டு. பூசை அறை வரைக்கும் அது போகிறது. தோல் தீட்டில்லை, தோலைப் பதப்படுத்திய மனிதன் தீட்டு! பகுத்தறிவுக்கு வேலையில்லாத கணக்கு இது.

இசைவேளாளர் நிலை பறைக் கலைஞரைவிடச் சற்று மேல், அவ்வளவே. செட்டிநாட்டுத் திருமண ஊர்வலமொன்றிலே, நாதசுர வித்வான் மதுரை சிவக்கொழுந்து தோளிலே துண்டு போடக் கூடாது என்று சாதிச் செருக்கர் தடுத்தபோது, ‘துண்டை எடுக்காதீர், வாசியும்!’ என்று பட்டுக்கோட்டை அழகிரி குறுக்கே நின்ற செய்தியை நம் இயக்கத்தார் அறிவர். சங்கீத விமர்சகர் எவரும் அந்த இரவைத் தம் இசை வரலாற்றிலே எழுதக் காணோம். கலைஞன் தோளிலே துண்டு இருந்ததா இல்லையா என்பது இசைச் செய்தி ஆகாதாம்! நமக்கு அதுவே முதற்செய்தி.

பண்ணைப்புரம், பள்ளத்தாக்கின் மேற்கோரத்துச் சிற்றூர். அங்கிருந்து புறப்பட்டவர் பாவலர் வரதராசன். ஆர்மோனியத்தோடு தம்பியரையும் அழைத்துக்கொண்டு பொதுவுடைமைக் கட்சி மேடைகளிலே பாடினார். 1958-இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலிலே, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரிடையே அவருடைய பாட்டு கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசின் வெற்றிக்குத் துணை நின்றது. அது நம் மேடை அன்று. தேர்தல் களத்திலே எதிரெதிர் நின்ற நாட்களும் உண்டு. 1962-இல் தேனித் தொகுதியிலே நம் இலட்சிய நடிகர் எஸ்.எஸ். இராசேந்திரன் வென்று சட்டமன்றம் புகுந்தார். அந்தத் தேர்தலின் சுவரொட்டிச் சண்டைகள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதனாலென்ன? பாவலர் செய்த புரட்சி ஒன்றை ஒப்புக்கொள்ள நமக்குக் கூச்சமில்லை. மக்கள் நாவிலே ஏற்கெனவே இருந்த மெட்டுகளை, திரை மெட்டுகள் உட்பட, எடுத்துக்கொண்டு கூலி உயர்வையும் நில உரிமையையும் அதிலே ஏற்றினார். கலைவாணர், நந்தனார் கதைப் பாணியை எடுத்துக்கொண்டு ‘கிந்தனார்’ செய்து, சேரிச் சிறுவனைக் கோயிலுக்கு அனுப்பாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாரே, அந்த வழி இது. ‘நல்லதம்பி’யைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

அந்தத் தம்பியருள் ஒருவர்தான் 1943-இல் பிறந்த இளையராசா. வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை நானூறு ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தைக் கொடுத்துத் தாய் சின்னத்தாய் மக்களைச் சென்னைக்கு அனுப்பினார் என்பது அவர்களே மேடைகளில் கூறிய செய்தி. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது.

‘அன்னக்கிளி’தான் திரைக்கு நாட்டுப்புற இசையைக் கொணர்ந்தது என்று மேடைதோறும் முழங்குகின்றனர். தவறு. 1957-இலேயே ‘மக்களைப் பெற்ற மகராசி’யிலே கே.வி. மகாதேவன் மண்வாசனை காட்டினார். அவருக்கு முன்னும் சிலர் உண்டு. ஆனால் அவர்கள் காலத்திலே கிராமத்து மெட்டு விருந்தாளியாக வந்தது. நகைச்சுவைப் பகுதிக்கும் திருவிழாக் காட்சிக்கும் வந்து, தலைகாட்டிப் போயிற்று. இளையராசா செய்தது வேறு. நடவுக்காரியின் குரலோட்டத்தை நாயகியின் உள்ளக் குரலாக்கினார். தெம்மாங்கின் மூன்றடித் துள்ளலுக்குக் கீழே மேலை நாட்டு ஒத்திசைக் கோவையை விரித்தார். வயலின் கூட்டத்தை உறுமிக்குப் பதில் சொல்ல வைத்தார். மேலை இசை மேலே, நம் இசை கீழே என்று அடுக்காமல் இரண்டையும் ஒரே பாயிலே உட்கார வைத்தார். மறு ஆண்டு, அதே பள்ளத்தாக்கின் அல்லிநகரத்து மைந்தர் பாரதிராசாவின் ‘16 வயதினிலே’ வந்தபோது, படப்பிடிப்புக் கூடத்து அட்டைக் கிராமம் விடைபெற்றது. இருவரையும் ஈன்ற மண் ஒன்றே என்பதிலே வியப்பில்லை.

1989-இல் ‘கரகாட்டக்காரன்’. கங்கை அமரன் இயக்கம், தமையன் இசை. கரகமும் நையாண்டி மேளமும் தமிழகத்தையே ஆட வைத்தன. படத்தின் கதையிலே கலைஞர்களின் வறுமை ஓரளவு பேசப்படுகிறது. இறுதியிலோ தீமிதியும் தெய்வ அருளும் வந்து சிக்கலைத் தீர்க்கின்றன! கூலி கொடுக்காத ஊருக்குத் தீர்வு கூலி; குண்டத்திலே இறங்குவது தீர்வாகுமா? நல்ல இசையைக் கெட்ட கதையிலே வைத்துக் கொடுத்தனர் என்பதே நம் கருத்து.

இளையராசாவின் பக்தி நமக்கு உடன்பாடன்று. 2007-இல் வெளிவந்த ‘பெரியார்’ திரைப்படத்துக்கு இசையமைக்க அவர் இசையவில்லை, வித்யாசாகர் இசையமைத்தார். அதற்காக அவர் இசையைத் தள்ளிவிடும் தோழர்கள் சிலர் உண்டு. தள்ளுவது தவறு. அவர் கும்பிடும் சாமியை நாம் மதிப்பிடலாம். அவர் எழுதும் சுரத்தைச் சுரத்தால்தான் மதிப்பிட வேண்டும். சாமிக்கும் சாத்திரத்துக்கும் அவர் எவ்வளவு இடங்கொடுத்தாலும், 2025 மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டனிலே அவருடைய சிம்பொனி முழங்கியபோது, ‘இசை எங்கள் குலச்சொத்து’ என்ற பழங்கதை ஒன்று அங்கே வாய்மூடி நின்றது.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். இசையமைத்தவர் பெயர் உண்டு, பாடியவர் பெயர் உண்டு, எழுதியவர் பெயர் உண்டு. உறுமி இழுத்தவர் யார்? பறையடித்தவர் யார்? இசைத்தட்டின் உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் பெரும்பாலும் காணக் கிடைப்பதில்லை. இது இளையராசா ஒருவர் மேல் சுமத்தும் குற்றமன்று. தமிழ்த் திரையுலகின் பழக்கம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உறுதியாயிற்று, நல்லது, வரவேற்றோம். தம் பாட்டுக்குத் தாமே உரிமையாளர் என்று இளையராசா நீதிமன்றம் ஏறியதும் நியாயமே. அந்த நியாயத்தை இன்னும் ஓரடி நீட்டினால், பெயரில்லாத நடவுக்காரியின் வரப்பிலே போய் நிற்கும். அங்கே சட்டம் நின்றுவிடுகிறது. ஊருக்கெல்லாம் பொது என்றால் எவருக்கும் காசு தரவேண்டாம் என்று பொருள் கொள்வது சாலமன் லிண்டாவின் பத்துச் சில்லிங்குக் கணக்கன்றி வேறென்ன?

பறையடிகளிலே பல வகை உண்டு. சாமிச்சாத்து, மருள் அடி என்று வரிசையாகப் பெயர் சொல்வர். அந்த வரிசையிலே ‘சினிமா அடி’ என்றும் ஒன்று சேர்ந்திருக்கிறது! பறையிடம் கடன் வாங்கிய திரைப்படம், வாங்கியதைக் ‘குத்துப்பாட்டு’ என்று மலிவாக்கி, குடிகாரன் கூத்துக்கும் அடியாள் ஊர்வலத்துக்கும் அடையாளமாக்கித் திருப்பிக் கொடுத்தது. முகத்திலே கரி பூசிய அமெரிக்க நடிகன் செய்ததற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

1943-இலே தமிழிசைச் சங்கம் தோன்றியது. தெலுங்குக் கீர்த்தனைக்கு நடுவே தமிழுக்கு இடம் கேட்ட அந்தக் கிளர்ச்சியை நாம் ஆதரித்தோம். ஆனால் அவர்கள் கேட்ட தமிழிசை, மேடைக்கு ஏற்கெனவே வந்துவிட்ட தமிழிசை. வயலிலே நின்ற தமிழிசையை எவரும் அழைக்கவில்லை. சதிராட்டம் பரதநாட்டியமாகப் பெயர்மாறி 1930-களில் அக்கிரகாரத்துக்குக் குடிபெயர்ந்தபோதும், ஆட்டம் போயிற்று. ஆடிய குலத்துப் பெண்ணுக்கு அழைப்பு போகவில்லை.

பள்ளத்தாக்கு இளைஞர்களிடையே ஒரு வழக்கு நடக்கிறது. பறையைப் போற்றுவதா, போட்டு உடைப்பதா? ‘இது நம் கலை, உயர்த்திப் பிடிப்போம்’ என்பார் ஒருசாரார். ‘இது நம் விலங்கு, வீசி எறிவோம்’ என்பார் மற்றொரு சாரார். 1927-இல் மகாடில், செத்த மாட்டை இழுக்கும் வேலையைக் கைவிடுங்கள் என்றார் அம்பேத்கர். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று தமிழகத்துச் சேரிகள் பல மறுத்தன. மறுத்தவர்கள் ஊர்விலக்குப் பெற்றனர், உதை பெற்றனர். அந்த மறுப்பைக் கலைக்கு எதிரான செயல் என்று நகரத்து ரசிகர் எவரேனும் கூறினால், அவரைக் கேளுங்கள்: உம் வீட்டுப் பிள்ளை ஒருநாள் சாவு வீட்டு வாசலிலே, சாராயத்துக்கும் சில்லறைக்கும் கைநீட்டி நின்று அடிப்பானா?

அமெரிக்காவிலும் இதே வழக்கு நடந்தது. கரிபூசிய கூத்துகளிலே பாஞ்சோ இழிவுக்கு அடையாளமானதால், அதைக் கண்டுபிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளே அதைக் கைவிட்டனர். பாஞ்சோ வெள்ளையர் கருவி என்று உலகம் நம்பும் நிலை வந்தது. 2005-இல் வட கரோலினாவிலே ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ என்ற கறுப்பின இளைஞர் குழு, பழைய கலைஞர் ஒருவரிடம் பாடங்கேட்டு அதை மீண்டும் ஏந்திற்று. 2011-இல் கிராமி விருதும் பெற்றது. இடையிலே கைவிட்ட தலைமுறையைக் கோழைகள் என்று எவரும் கூறவில்லை. கைவிட உரிமை பெற்றவனே விரும்பி எடுக்க முடியும். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவிலே ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் பறை ஏந்தினரே, பெண் தொடலாகாது என்ற தடையையும் சேர்த்து உடைத்து! சாவுக்கு அழைத்தால் வராத பறை அது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மசிறீ அறிவித்தனர், மகிழ்ந்தோம். ஓர் ஆசானுக்கு விருது கொடுத்த கையோடு ஆயிரம் பேருக்கு இழிதொழில் கொடுத்து வைத்திருக்கும் ஊரை என்ன செய்வதென்று அரசு சொல்லட்டும்.

கடல் கடந்தும் போயிற்று இந்தப் பறை. ஆப்பிரிக்க அடிமை விடுதலை பெற்றதும் அவனுடைய கரும்புத் தோட்டத்து இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாக நம்மவரை ஏற்றினர்: 1838 முதல் கயானாவுக்கு, 1853 முதல் மார்ட்டினிக்குக்கு, 1854 முதல் குவாதலூப்புக்கு. அங்கே இன்றும் ‘தப்பு’ என்ற பெயரிலேயே அது ஒலிக்கிறது, ஆப்பிரிக்க முரசு ஒலிக்கும் அதே மண்ணிலே. இலங்கை மலையகத்திலோ, விடியற்காலையில் கூலிகளை எழுப்பிப் பெரட்டுக்கு வரிசையில் நிறுத்த அதே தப்பை அடித்தனர். கங்காணிக்குக் கடிகாரம் மிச்சம்!

அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளிலே குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியன முறைப்படியான படிப்புகளாக வைக்கப்பட்டன. தேவாரத்துக்கு நாற்காலி உண்டு. பறைக்கு அந்த வரிசையிலே இல்லை. நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேரப் பயிற்சி என்ற பின்வாசல் பிறகு திறந்தது. முழுநேரம் உழைத்தவனுக்குப் பகுதிநேர மதிப்பு! பறையை முழுப்பாடமாக்க வேண்டும். எந்தச் சாதிப் பிள்ளையும் வந்து சேரட்டும். பள்ளத்தாக்கின் பழைய கலைஞர்களை, பள்ளிச் சான்றிதழ் கேட்டு விரட்டாமல், மாதச் சம்பளத்துக்கு ஆசிரியராக அமர்த்த வேண்டும். ஒலிப்பதிவுக்கு வாசித்தவர் பெயர் ஒவ்வொன்றும் அச்சிலே ஏற வேண்டும். இதனைத் தேனியிலிருந்தே தொடங்கலாம்.